ராமநாதபுரம் பக்கம் நிலம் ஏன் மலிவு, வாங்கினால் என்ன விளையும்?

முதுகுளத்தூர் பக்கம் பத்து ஏக்கர் நிலம் மலிவாக வருகிறது, வாங்கி ஆழ்துளைக் கிணறு போட்டு, சொட்டுநீரில் காய்கறியும் கொய்யாவும் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே ஒரு சந்தேகம்: "ராமநாதபுரம் வறண்ட மாவட்டம் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் மார்கழியில் போனபோது கண்ணுக்கெட்டிய தூரம் நெல் வயலாக இருந்தது. எது உண்மை?"

இரண்டும் உண்மை. வைகாசியில் அதே சாலையில் போயிருந்தால் பாளம் பாளமாக வெடித்த மண்ணையும் சீமைக் கருவேலத்தையும் தவிர வேறெதையும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆழ்துளைக் கிணற்று யோசனையை மட்டும் இப்போதே கைவிட்டுவிடுங்கள். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அந்தச் சமவெளியின் அமைப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒத்துவராத அரசு ஊழியரைத் "தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்" என்று மேலதிகாரிகள் மிரட்டிய காலத்தில் அவர்கள் மனத்தில் இருந்தது பெரும்பாலும் இந்த மாவட்டம்தான். அந்தப் பேச்சில் பாதிதான் நியாயம். ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் மழை பெய்கிறது. பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தைவிட இது அதிகம். ஒரு லட்சம் ஹெக்டேருக்கு மேல் நெல் விதைக்கிறார்கள். தொல்லை என்னவென்றால், அந்த மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவத்தில், சில நாள் அடைமழையாகக் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. தென்மேற்குப் பருவம் மேற்குத் தொடர்ச்சி மலையோடு நின்றுவிடும். இங்கே வருவது காற்று மட்டும்தான். ஆக, இரண்டு மாதத் தண்ணீரை வைத்துக்கொண்டு பன்னிரண்டு மாதம் ஓட்ட வேண்டும்.

ஓட்டுவதற்கு மாவட்டத்தில் ஒரு மலை கிடையாது. அணை கட்ட இடுக்கு கிடையாது. மேற்கே பார்த்திபனூரிலிருந்து கிழக்கே கடல் வரை நிலம் தெரிந்தும் தெரியாமலும் சரிந்துகொண்டே போகிறது. இங்கு விவசாயத்தைத் தீர்மானிப்பது அந்தச் சரிவில் அரை அடி மேடா, அரை அடி பள்ளமா என்பதுதான். நெல் விளையும் நிலமும் மிளகாய் விளையும் நிலமும் அடுத்தடுத்து இருக்கும். உயரத்தில் ஒரு முழம்கூட வித்தியாசம் இருக்காது. வெளியூரிலிருந்து வந்து நிலம் பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே தட்டையாகத் தெரியும். உள்ளூர்க்காரர் மண்வெட்டியோடு வரப்பில் நின்றாலே தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லிவிடுவார்.

இந்தத் தட்டை நிலத்துக்காகவே உருவானவைதான் கண்மாய்கள். மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. கண்மாய் என்றால் தோண்டிய குளம் என்று நினைத்துவிடாதீர்கள். சரிவின் தாழ்ந்த பக்கத்தில், பெரும்பாலும் கிழக்கே, பிறை வடிவில் மண் கரை போட்டிருப்பார்கள். மேற்குப் பக்கம் திறந்தே கிடக்கும். வரத்துக் கால் என்ற வாய்க்கால் வழியாக வரும் நீர் கரையில் முட்டிப் பின்னோக்கிப் பரவும். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள்: கரையடியில் 3 மீட்டர் ஆழம் நின்றால் நீர் 3 கிலோமீட்டர் தூரம் பின்னுக்கு விரியும். கரையின் அடியில் மடைகள். அவற்றின் வழியே ஆயக்கட்டுக்கு, அதாவது அந்தக் கண்மாயை நம்பிய வயல்களுக்கு, பாசனம். கரையின் ஒரு ஓரத்தில் கலுங்கு. கண்மாய் பெருகியதும் மிச்ச நீர் அதன் மேல் வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். மறுகால் பாய்கிறது என்பார்கள். அந்த ஊர் நிறைந்தால் அதற்கடுத்த ஊர். இப்படிச் சங்கிலியாகக் கடல் வரை.

கேட்பதற்கு அழகாக இருக்கிறது. இதில் இருக்கும் பலவீனமும் அதே தட்டைத்தன்மைதான். மேலே சொன்ன கண்மாயில் அரை மீட்டர் வண்டல் சீராகப் படிந்தால் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். பின்பக்கம் அரை கிலோமீட்டர் உள்வாய், அதாவது நீர் பரவி நிற்கும் பகுதி, மேடேறும். மேடேறிய இடத்தில் முதலில் கருவேலம் முளைக்கும், பிறகு யாராவது உழுவார்கள், பிறகு வரப்பு வரும். ஆழமில்லாத பரந்த நீர் என்பதால் வெயிலும் காற்றும் குடிப்பது வேறு. மேலே உள்ள ஊர்க்காரர்கள் தங்கள் கலுங்கின் மேல் மணல் மூட்டைகளை அடுக்கி ஒரு சாண் உயர்த்தினால் கீழூருக்கு அந்த ஆண்டு மறுகால் வராமலே போகலாம். இந்தப் பக்கத்தில் ஊர்களுக்கிடையே பழைய வழக்குகள் எதைப் பற்றியவை என்று விசாரித்தால் பாதி கலுங்கு உயரத்தில் வந்து முடியும்.

கண்மாய்களில் பெரியது ராஜசிங்கமங்கலத்துக் கண்மாய். "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று அதைச் சொல்வார்கள். ஒரே மூச்சில் நாரையால் கடக்க முடியாத நீளம் என்று பொருள். ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வேறொரு சிறப்பு: வைகை ஆறு வந்து சேருமிடமே அதுதான். சிவனுக்கு நஞ்சு தந்த கடலோடு கலக்க மாட்டேன் என்று வைகை விலகி நிற்பதாகப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். நடைமுறையில், வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் வந்த ஆற்றை வழிநெடுகக் கால்வாய் வெட்டிக் கண்மாய்களுக்குப் பிரித்துவிட்டார்கள்; மிஞ்சியது பெரிய கண்மாயில் விழுகிறது; அதற்கும் மிஞ்சினால்தான் ஆற்றங்கரை என்ற ஊர்ப் பக்கம் பாக் நீரிணைக்குப் போகும்.

வைகையின் பூர்வீகப் பாசனத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். பார்த்திபனூர் மதகு அணையிலிருந்து பெரிய கண்மாய் வரையுள்ள மூன்றாம் பகுதி ராமநாதபுரத்துக்கு. ஆயக்கட்டில் மூன்றிலும் பெரியது அதுதான், சுமார் 68,000 ஏக்கர். ஆனால் ஆற்றின் கடைசியில் இருக்கிறது. 1959-இல் வைகை அணை வந்தது மேல்பகுதிகளுக்கு நிச்சயத்தைத் தந்தது. கடைசியில் இருப்பவர்கள் தண்ணீர் திறப்பு அறிவிப்பைச் செய்தித்தாளில் படித்துவிட்டு ஆற்று மணலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். காய்ந்த மணல் முதலில் தன் பங்கைக் குடித்துவிட்டுத்தான் மேற்கொண்டு விடும்.

பலருக்குத் தெரியாத ஒன்று. பெரியாற்று நீரை மலையைக் குடைந்து வைகைக்குத் திருப்பும் யோசனை, 1895-இல் அதை முடித்த பென்னிகுக்குக்கு முன்பே, 1789 வாக்கில் ராமநாதபுரத்து மன்னர் சேதுபதியின் பிரதானி முத்திருளப்பப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது. ஆள் அனுப்பிப் பார்த்து, செலவு தாங்காது என்று கைவிட்டார்கள். மலையே இல்லாத சீமையின் அமைச்சர் அத்தனை தூரத்து மலையில் தண்ணீர் தேடினார் என்றால் இங்கிருந்த தவிப்பு எப்படிப்பட்டது என்று பாருங்கள். பெரியாறு அணை வந்தபின் முதல் பயன் மதுரைப் பக்கத்துக்குத்தான் போனது.

வைகை தொடாத தெற்குப் பாதிக்கு, அதாவது கமுதி, முதுகுளத்தூர், கடலாடிப் பக்கம், குண்டாறு. அதிலிருந்து சேதுபதிகள் காலத்தில் வெட்டிய ரகுநாத காவிரி என்ற கால்வாய் இன்னும் பெயரளவில் இருக்கிறது; பெயரில் மட்டும்தான் காவிரி. காவிரி, வைகை, குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு 2021-இல் அடிக்கல் நாட்டினார்கள். என் கருத்தைக் கேட்டால், வெளியிலிருந்து வரும் நீரைவிட வரத்துக் கால்கள் தூர்ந்துகிடப்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. கால் அடைந்த கண்மாய்க்குக் காவிரி வந்தாலும் உள்ளே போகாது. இந்த இணைப்பை நம்பி யாராவது நிலத்துக்கு விலை ஏற்றிச் சொன்னால் காது கொடுக்காதீர்கள்.

இனி விவசாயம். நீங்கள் மார்கழியில் பார்த்த நெல், தஞ்சாவூர் நெல்லைப் போல நாற்று விட்டு நட்டதல்ல. புழுதி விதைப்பு. கோடை மழையில் ஒன்றிரண்டு சால் உழுது போடுவார்கள். ஆவணிக் கடைசியில், புரட்டாசியில், ஒரு பொட்டு ஈரம் இல்லாத புழுதியில் விதை நெல்லை வீசி, மேலாக உழுது மூடிவிடுவார்கள். பிறகு வேலை வானத்துடையது. வெறும் மண்ணில் விதை கிடக்கும். எறும்பும் மயிலும் தின்றது போக மீதி மழைக்குக் காத்திருக்கும். ஓர் உழவு மழை பெய்தால் ஒரே வாரத்தில் வயல் ஊசி ஊசியாகப் பச்சை கட்டும்.

ஏன் மழை வந்தபின் விதைக்கக் கூடாது என்று கேட்பீர்கள். அடைமழை தொடங்கிவிட்டால் இந்தக் களிமண்ணில் டிராக்டர் இறங்காது. அதைவிட முக்கியம், மழை முடிய இரண்டு மாதம்தான் இருக்கிறது. முளைத்து ஒரு மாதமான பயிர் நின்றால்தான் கார்த்திகையில் பெருகும் கண்மாய் நீரைப் பயன்படுத்த முடியும். பயிரின் முதல் பாதி மானாவாரி, பின் பாதி கண்மாய்ப் பாசனம். பொங்கலை ஒட்டிக் கதிர் முற்றி, தை, மாசியில் அறுவடை முடிந்துவிடும்.

இதில் விழும் அடிகள் பலவிதம். புரட்டாசியில் ஒரு சிறு மழை ஏமாற்றிவிட்டுப் போனால் முளைத்த பயிர் மூன்று வாரத்தில் கருகும். மறுவிதைப்புக்கு விதை வாங்க வேண்டும். முளைக்கும் முன்னே ஒரேயடியாகக் கொட்டித் தண்ணீர் தேங்கினால் விதை அழுகும். எல்லாம் சரியாக வந்து கதிர் சாயும் நேரத்தில் தை மழை பெய்தால் வயலிலேயே முளைக்கும். இதற்கென்றே பரமக்குடி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் வறட்சி தாங்கும் குறுகிய கால ரகங்களை உருவாக்கினார்கள். 2009-இல் வந்த அண்ணா 4 நூறு நாளை ஒட்டி அறுவடைக்கு வந்துவிடும். விதையைப் பொட்டாசியம் குளோரைடு ஒரு சதவீதக் கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்தி விதைக்கச் சொல்கிறார்கள். சின்ன வேலைதான், முளை வந்தபின் ஒரு வாரக் காய்ச்சலைத் தாங்க அது உதவுகிறது. சித்திரைக்கார், நொறுங்கன் போன்ற பழைய ரகங்களை இப்போது ஆர்வலர்கள் திரும்பத் தேடுகிறார்கள். விளைச்சல் குறைவு; ஆனால் எதுவும் போடாமல் எதையும் தாங்கி நின்றவை.

நெல்லுக்கு ஆகாத மேட்டில் மிளகாய். மிளகாய்க்கு ஈரம் வேண்டும், நீர் நிற்கக் கூடாது. இரண்டு நாள் தேங்கினால் செடி வாடி வேர் அழுகிவிடும். மழைக்காலத்தில் களிமண் குடித்துவைத்த ஈரத்திலும் மார்கழிப் பனியிலும் அது வளர்ந்து, மாசி முதல் பழுக்கத் தொடங்கும். மற்றதெல்லாம் காயும் வெயிலில் வற்றலாகக் காசு தருவதால் நெல் பொய்த்த ஆண்டில் வீட்டைக் காப்பாற்றுவது பெரும்பாலும் மிளகாய்தான். ராமநாதபுரம் குண்டு மிளகாய், வணிகத்தில் முண்டு என்பார்கள், 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. உருண்டையாக, தடித்த தோலோடு இருக்கும். காம்பு எளிதில் கழன்று வராது.

பறித்தவுடன் வெயிலில் கொட்டிவிட மாட்டார்கள். அரைப்பழமாக இருப்பவையும் சேர்ந்து நிறம் ஏறுவதற்காக இரண்டு மூன்று நாள் குவித்து வைப்பார்கள். பிறகு களத்தில் மெல்லியதாகப் பரப்பி, நாளுக்கு இரண்டு மூன்று முறை கையால் துழாவிவிட்டு, பதினைந்து நாள் வரை காயவிடுவார்கள். ஒரு பிடியை எடுத்துக் காதருகே குலுக்கினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும்; அதுதான் பதம். அந்தப் பதினைந்து நாளில் ஒரு கோடை மழை நனைத்தால் பழம் வெளிறிச் சோடையாகிவிடும். சந்தையில் சோடைக்குக் கிடைப்பது நல்ல வற்றலின் விலையில் சொற்பம். எட்டிவயலிலும் பரமக்குடியிலும் வியாபாரிகள் சாக்கைப் பிரித்து ஒரு கை அள்ளிப் பார்த்தே விலை சொல்வார்கள். விளைச்சல் அதிகமான ஆண்டில் விலை விழுவதும், விலை நிற்கும் ஆண்டில் கையில் சரக்கு இல்லாமல் போவதும் இங்கே வழக்கம். குளிர்பதனக் கிடங்கில் வைத்து விற்கும் வசதி இப்போது இருக்கிறது. கடன் வாங்கிப் பயிர் வைத்தவருக்கு அதுவரை பொறுக்க முடிவதில்லை.

நெல் அறுத்த தரிசில் மண் ஈரத்தை நம்பிப் பருத்தி போடுவதும் உண்டு. கமுதிப் பக்கத்துக் கரிசலில் சோளம், கம்பு, உளுந்து. சாயல்குடியில் மண் செம்மணலாக மாறிப் பனங்காடு தொடங்கிவிடும். கோடையில் பதநீர், கருப்பட்டி. அறுவடை முடிந்ததும் ஆட்டுக்கிடை போடுவார்கள். இங்குள்ள கீதாரிகள், அதாவது ஆட்டு மந்தைக்காரர்கள், மேய்ச்சல் தீர்ந்ததும் மந்தைகளோடு தஞ்சாவூர் வயல்கள் வரை நடந்து போய் அங்கும் கிடை போட்டுத் திரும்புகிறார்கள். இவை ஒவ்வொன்றும் தனியாகப் பேச வேண்டியவை. உங்கள் கேள்விக்கு நேரடித் தொடர்பு குறைவு.

சீமைக் கருவேலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்களுக்குக் காட்டப்போகும் நிலத்தில் அது கட்டாயம் இருக்கும். மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்து மரம்; விறகுக்காக ஐம்பது, அறுபதுகளில் இங்கே பரப்பினார்கள். உப்பு மண்ணிலும் தழைத்தது. காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையையே தடுக்கிறது என்று ஒரு பேச்சு உலவுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது. உழவு நின்ற நிலத்தில்தான் அது வந்தது. அது வந்ததால் உழவு நிற்கவில்லை. கண்மாய் உள்வாயிலும் வரத்துக் காலிலும் அதை வேரோடு எடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் அகற்ற உத்தரவிட்டது. ஆனால் மழை பொய்த்த ஆண்டுகளில் கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் அடுப்பெரிந்தது கரிமூட்டத்தால்தான். மரத்தை வெட்டி அடுக்கி, மேலே வைக்கோலும் சேறும் பூசி, துளை விட்டுத் தீ வைத்து, புகையின் நிறத்தைப் பார்த்துப் பார்த்துத் துளையை அடைப்பார்கள். வேலை கடுமையானது, கூலி உடனடி. விவசாயம் கொடுக்காத மாதங்களில் இது கொடுத்தது. அதற்கும் முந்திய தலைமுறைகள் மண்டபம் முகாம் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குப் போயின. இப்போதையவர்கள் வளைகுடாவுக்குப் போகிறார்கள்.

உங்கள் ஆழ்துளைக் கிணற்றுக்கு வருகிறேன். மாவட்டத்தின் உட்பகுதியில் பெரும்பாலான இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. கடற்கரை மணல் மேடுகளில், உச்சிப்புளி, தங்கச்சிமடம் பக்கம், மழைநீர் மணலில் இறங்கி உப்பு நீரின் மேல் மிதந்து நிற்பதால் ஆழமில்லாத ஊற்றில் நல்ல நீர் கிடைக்கும். அங்கேயும் பெரிய மோட்டார் வைத்து இழுத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். வைகைப் படுகையை ஒட்டிய பரமக்குடிப் பக்கம் பரவாயில்லை. முதுகுளத்தூர்க் களிமண்ணில் உப்பு நீரைச் சொட்டுநீராக விட்டால் இரண்டு மூன்று ஆண்டில் மேல்மண்ணில் வெள்ளை பூக்கும். களர் ஏறிய களிமண்ணை மீட்க ஜிப்சம் போட்டு நல்ல நீர் நிறுத்தி வடிக்க வேண்டும். அந்த நல்ல நீர் இல்லாததால்தானே கிணறு போட்டீர்கள்.

நிலம் மலிவாக இருப்பதற்குக் காரணம் இதுதான். மற்ற மாவட்டங்களில் கண்மாய் ஏமாற்றினால் கிணறு கை கொடுக்கும். இங்கே அந்த இரண்டாம் வழி இல்லை. கமுதி அருகே 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் வந்ததும் இதே மலிவினால்தான். வெயிலுக்கு இங்கே எந்த ஆண்டும் பஞ்சம் வந்ததில்லை.

பிறகும் வாங்க ஆசை இருந்தால், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பத்து ஏக்கரில் ஓர் ஓரமாக, இருப்பதில் தாழ்ந்த மூலையில், பண்ணைக் குட்டை வெட்டுங்கள். உப்பு அடுக்கைத் தொடாத அளவுக்கு ஆழம் போதும். இந்தக் களிமண் பிளாஸ்டிக் தாளே விரிக்காமல் நீரைப் பிடித்து நிற்கும். மழைக்காலத்தில் நிறைந்த குட்டை, மாசியில் மிளகாய்க்கு இரண்டு தண்ணீர் கொடுத்தால் போதும், காய்ப்பு ஒரு பறிப்பு கூடும். மானியம் இருக்கிறதா என்று வேளாண்மைப் பொறியியல் துறையில் கேளுங்கள். நெல்லுக்குப் பயிர்க் காப்பீட்டை ஒரு பருவமும் விடாதீர்கள். இங்கே அது சம்பிரதாயமல்ல, வருமானத்தில் ஒரு பகுதி. கொய்யாவை மறந்துவிடுங்கள். பனை வையுங்கள், உங்கள் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். பட்டாவில் நஞ்சை என்று இருப்பது போதாது. எந்தக் கண்மாய், எத்தனையாவது மடை என்று கேளுங்கள். மடைக்கு அருகிலிருக்கும் நிலமும் கடைமடை நிலமும் ஒரே ஆயக்கட்டில் இருந்தாலும் ஒரே நிலமல்ல. கண்மாய் கடைசியாக எந்த ஆண்டு மறுகால் பாய்ந்தது என்பதை விற்பவரிடம் கேட்காமல் டீக்கடையில் கேளுங்கள். ஊரில் நீர்ப்பாய்ச்சி இருந்தால் அவரையே பிடியுங்கள்; மடை திறந்து ஒவ்வொரு வயலுக்கும் முறை வைத்து நீர் விடுபவர் அவர், எந்த வயல் கடைசி வரை நனையும் என்று அவருக்கு மனப்பாடம். நிலத்துக்குக் கிழக்கே உள்ளது கண்மாயின் உள்வாயா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தை வாங்கிச் சரிபாருங்கள்; மேடேறிய உள்வாயைப் பட்டா நிலத்தோடு சேர்த்துக் காட்டி விற்பது நடக்கிறது. பக்கத்துக் கிணறு ஏதாவது இருந்தால் சித்திரையில் ஒரு பாட்டில் நீர் எடுத்து, மண்ணையும் சேர்த்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பின் அளவைப் பாருங்கள். ஐப்பசியில் எடுத்த நீர் மழைநீர்தான், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நிலத்தை இரண்டு தடவை போய்ப் பாருங்கள்: கார்த்திகையில் அடைமழை விட்ட மறுநாள் ஒன்று, பங்குனி வெயிலில் ஒன்று. தரகர் மார்கழியில்தான் கூட்டிப்போவார்.